ஓசையும் உருவமும்



கவிதையில் ஓசை என்பது பொருளின்மேல் பூட்டிய அணியா, அன்றிப் பொருளின் பகுதியா? சம்பந்தர் பதிகம் பெற்ற மாகறலில் எழுப்பத் தக்க வினா இது. மூளையை ஆராயும் அறிவியல் இதற்கு ஒரு விடை தருகிறது. அவ்விடையில் தமிழ் பேசுவோர்க்கும் பங்குண்டு.

பொருளற்ற இரு சொற்கள். வளைந்த உருவம் ஒன்று, கூர்முனை உருவம் ஒன்று. எச்சொல் எதற்குப் பெயர்? 1929இல் உளவியலறிஞர் கோலர் எழுப்பிய இக்கேள்வியை, 2001இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பார்டும் புதுப்பித்தனர். ராமச்சந்திரன் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ‘பூபா’, ‘கிகி’ என்னும் சொற்களை அமெரிக்க மாணவரிடமும் இந்தியத் தமிழரிடமும் தந்தபோது, இரு சாராரிலும் 95 முதல் 98 விழுக்காட்டினர் வளைந்ததைப் பூபா என்றும், கூரியதைக் கிகி என்றும் கூறினர்.

காணும் வடிவம், கேட்கும் ஒலி, ஒலிக்கும் இதழின் அசைவு ஆகியவற்றை மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஏற்கின்றன. அவற்றிடையே உள்ள இணைப்பே இதற்குக் காரணம் என்பது ராமச்சந்திரன் கருத்து. உருவகத்தின் வேரும் அங்கேதான் என்று அவர் கருதினார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிக் கோர்வையில் ஒன்றாவதை இவ்வூரார் அறிவர். மூளையின் நெசவும் அத்தகையதே.

உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். கண் காணும் வட்டத்தை ஊகாரம் வாயிலேயே வரைந்துவிடுகிறது. எழுத்தளவில் பகரமும் ககரமும் வல்லினமே. ஆதலின் வல்லினம், மெல்லினம் என்று மெய்யை மட்டும் எண்ணுவது போதாது. உயிரின் இயல்பையும் கவிஞன் நோக்க வேண்டும்.

எனினும் இஃது இரும்பு விதியன்று. 25 மொழியினரிடம் நிகழ்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வில் இவ்வொற்றுமை ஏறத்தாழ 72 விழுக்காடாகவே நின்றது. மூளை வழங்குவது ஒரு சாய்வு மட்டுமே. அச்சாய்வோடு ஒழுகுவதும், கூரிய துயரைக் குழைந்த ஓசையில் வைத்து அதனை எதிர்ப்பதும் கவிஞனின் உரிமை. ஆனால் எதிர்ப்பவனும் அதனை அறிந்தே எதிர்த்தல் வேண்டும். யாப்பைத் துறந்த கவிதை ஓசையையும் துறந்துவிடலாம் என்று எண்ணுவோர், படிப்பவர் மூளையில் ஏற்கெனவே விழித்திருக்கும் ஒரு துணையை இழக்கின்றனர்.