வெயிலுக்கு அஞ்சாத வாசற் செடிகள்

(தோட்டக் குடியிருப்பை அழகுபடுத்துதல் பற்றிய உரை)



வைகறையில் பால்மரம் சீவச் சென்று வெயில் ஏறியபின் வீடு திரும்பும் நம்மை முதலில் வரவேற்பது வாசலிலுள்ள சிறு நிலமே. மரங்களுக்கிடையே நிழலுண்டு, லயத்து வாசலிலோ பகல் முழுவதும் வெயில் காய்கிறது. அங்கு நட்ட மென்மையான செடிகள் கருகிவிடுகின்றன. நாள்தோறும் நீர் ஊற்ற நமக்கு நேரமும் போதுவதில்லை. ஆகவே, அவ்விடத்திற்கு ஏற்ற செடிகளைத் தெரிந்தெடுப்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறோம்.

நாம் நன்கறிந்த அன்னாசி ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துச் செடிகளைப் புரோமீலியாட் என்பர். அவற்றுள் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ரப்பர் மரத்தைப் போலவே அன்னாசியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றியதாகும்.

இக்குடும்பத்துச் செடிகள் எல்லாமே வெயிலைத் தாங்குவன அல்ல. செடியை வாங்குமுன் அதன் இலையைத் தொட்டுப் பாருங்கள். இலை தடித்து, விறைத்து, ஓரத்தில் முள்ளுடனோ மேலே வெண்சாம்பல் பூச்சுடனோ இருப்பின், பெரும்பாலும் அது வெயிலைத் தாங்கும். மெல்லிய, மிருதுவான பச்சை இலையுடைய கஸ்மேனியா போன்றவை நிழலுக்கே உரியவை. வெயிலில் வைத்தால் வெந்துபோகும்.

வெயில் வாசலுக்கு மூன்று வகைகளைச் சொல்லலாம். முதலாவது அன்னாசியே. பழத்தின் கொண்டையையோ பக்கக் கன்றையோ நட்டால் போதும். ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் பழமும் கிடைக்கும். இரண்டாவது, டிக்கியா. சிறிய செடி, முள் கூரியது, வறட்சியை நன்கு தாங்கும். மூன்றாவது, நியோரெகேலியா. இதன் பல வகைகள் நல்ல வெளிச்சத்தில் செந்நிறம் பெறும், நிழலில் பச்சையாகிவிடும்.

எதை நட்டாலும் நீர் தேங்காத மண் வேண்டும். உடைந்த செங்கல்லையும் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் மண்ணுடன் கலந்து, அடித்தண்டு மண்ணில் ஆழப் புதையாதவாறு நட வேண்டும். நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுவருதல் தவறு. சிறிது சிறிதாகப் பழக்குக. முள்ளுள்ள செடிகளைக் குழந்தைகள் ஓடியாடும் பாதையோரத்தில் வைத்தலாகாது.

இனி, முக்கியமான செய்திக்கு வருகிறோம். நியோரெகேலியாவின் இலைகள் நடுவில் கிண்ணம் போல் கூடி மழைநீரைப் பிடித்து வைக்கின்றன. அந்நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடக்கூடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதும். டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் 1902ஆம் ஆண்டு பினாங்கில் முதன்முதலாகப் பதிவாயிற்று. இன்றும் உயிர்களைப் பறித்து வருகிறது. லயத்தில் வீடுகள் ஒட்டி நிற்பதால், ஒரு வாசலில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். கொசுப்புழு வளர இடந்தருவது 1975ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமுமாகும்.

ஆதலால், நேரமில்லாதோர் கிண்ணமில்லாத டிக்கியாவைத் தெரிந்தெடுப்பதே நலம். நியோரெகேலியா வைத்திருப்போர் வாரம் ஒரு முறை தவறாமல், தொட்டிச் செடியாயின் கவிழ்த்தும், தரையில் நட்டதாயின் குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சியும், பழைய நீரை வெளியேற்ற வேண்டும். அன்னாசியின் இலைக்கவட்டிலும் சிறிது நீர் தங்கும். அதனையும் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கால்மணி நேரம் இதற்குப் போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்துக் கொசுப்புழு எப்படியிருக்கும் என்று காட்டுங்கள்.

இச்செடிகள் பெரும்பாலும் ஒரு முறை பூத்தபின் மெல்ல மடியும். எனினும், மடியுமுன் அடியில் கன்றுகள் ஈனும். கன்று தாய்ச்செடியின் பாதி உயரம் வந்ததும் பிரித்து நடுக. ஒன்றை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, வாரந்தோறும் நீரை வெளியேற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் வாசல்கள் அழகு பெறுக; நம் குழந்தைகள் நோயின்றி வாழ்க.