கட்சிகளுக்கு ஏணியா? நமக்கென்று ஒரு கருவியா?

(விவசாயிகள் சங்க வட்டாரப் பேரவையில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவுன்னு காசு பிடுங்குறதை எதிர்த்து மறியல் செய்தோம். கரும்புப் பாக்கி கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்தோம். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் மறுத்தப்போ தாலுகா ஆபீசை முற்றுகையிட்டோம். போராட்டத்தில் நாம எல்லாரும் ஒரே பச்சைத்துண்டு. தேர்தல் வந்தா மட்டும் ஆளுக்கொரு கலர் துண்டு! அவங்களுக்குக் கொடி கட்டுறது நாம, பூத்தில் உட்காருறது நாம. ஓட்டு எண்ணி முடிஞ்சதும் பழைய மனுவைத் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டு வாசலில் நிக்கிறதும் நாமதான்.

அதனாலதான் கிளைக் கூட்டங்களில் இளைஞர்கள் கேக்கிறாங்க: “நாமளே ஒரு கட்சி கட்டினா என்ன?” நியாயமான கேள்வி. ஆனா ஆத்திரத்தில் பதில் சொல்லக்கூடாது. நம்மை மாதிரி சின்ன விவசாயிகளின் சங்கம் ஒரு இடதுசாரிக் கட்சியைக் கட்டி, ஒரு நாட்டையே ஆண்டிருக்கு. தென் அமெரிக்காவில் உள்ள பொலிவியா அந்த நாடு. அவங்க எப்படி ஏறினாங்க, எப்படி விழுந்தாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுப்போம்.

சங்கம் முதலில், கட்சி பிறகு

1985ல் பொலிவியா அரசு தனியார்மயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதே வருசம் உலகச் சந்தையில் ஈயத்துக்குத் தம்பியான வெள்ளீயத்தின் விலை சரிந்தது. அரசுச் சுரங்கங்களில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்கு வேலை போச்சு. அவங்களில் பலர் சப்பாரே என்ற காட்டுப் பகுதிக்குப் போய்க் கோக்கா பயிரிட்டாங்க. கோக்கா இலையை அந்த மக்கள் நாம வெற்றிலை போடுற மாதிரி காலங்காலமா மெல்லுறாங்க. பசியும் களைப்பும் அடங்கும். அதிலிருந்து போதைப்பொருளும் காய்ச்சலாம் என்பதால், அமெரிக்கா நெருக்க, 1988ல் சாகுபடியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பட்டாளம் வயலில் இறங்கிப் பயிரைப் பிடுங்கியது. எதிர்த்த விவசாயிகள் உயிரையும் கொடுத்தாங்க.

இந்தச் சப்பாரேயில் சங்கம் என்றால் சந்தா ரசீது மட்டும் இல்லை. புதுசா வந்தவனுக்கு நிலம் பிரிச்சுக் கொடுப்பது சங்கம். வரப்புத் தகராறு தீர்ப்பது சங்கம். பாதை போட, பள்ளிக்கூடம் கட்ட ஆள் திரட்டுவதும் சங்கம். கூட்டத்துக்கு வராதவனுக்கு அபராதம் உண்டு. சுரங்கத்திலிருந்து வந்தவங்க தொழிற்சங்க அனுபவத்தையும் கொண்டுவந்தாங்க. இப்படி ஆறு சம்மேளனங்கள் அங்கே ஒண்ணா நின்னுச்சு. தலைவர்களில் ஒருத்தர்தான் எவோ மொராலஸ்.

1995 மார்ச்சில் சான்டா குரூஸ் நகரில் விவசாய, பழங்குடி அமைப்புகள் மாநாடு போட்டு முடிவு செய்தாங்க: இனி பிற கட்சிகளுக்கு ஏணியாக இருக்க மாட்டோம். அவங்க அதைக் கட்சின்னுகூட சொல்லலை. “அரசியல் கருவி”ன்னு பேர் வச்சாங்க. கலப்பை மாதிரி கருவி. உழுகிறவன் கையில் கலப்பை இருக்கணும். கலப்பை உழவனை இழுத்துக்கிட்டுப் போகக்கூடாது. வேட்பாளரை மேலே இருக்கிற தலைவர் அறிவிக்கலை. ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் தேர்ந்தெடுத்தாங்க.

தேர்தல் அதிகாரிகள் பதிவு தர மறுத்தாங்க. சளைக்கலை. வேறொரு சிறு இடதுசாரிக் கூட்டணியின் பேரை வாங்கி, 1995 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் நின்னு 10 நகராட்சிகளைப் பிடிச்சாங்க. 1994ல் வந்த ஒரு சட்டம் கிராமப்புறத்துக்கும் நகராட்சியையும் நிதியையும் கொடுத்திருந்தது. அந்தக் கதவில்தான் நுழைஞ்சாங்க. 1997ல் நாலு எம்.பி. 1999ல் மாஸ் என்ற பழைய கட்சியின் பதிவைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ‘சோசலிசத்துக்கான இயக்கம்’ என்பது அதன் பொருள்.

2000ல் கொச்சபம்பா நகரத்தில் தண்ணியைப் பன்னாட்டுக் கம்பெனிக்கு விட்டாங்க. கட்டணம் எகிறியது. நகரத்து ஏழைகளும், பாசன விவசாயிகளும், கோக்கா விவசாயிகளும் சேர்ந்து தெருவில் இறங்கினாங்க. ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்து! கோக்கா விவசாயி மற்றவங்களுக்காகவும் நின்னதால, மற்றவங்க அவனோட நின்னாங்க. 2002ல் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜனாதிபதி பதவியைத் தவறவிட்டாங்க. 2005 டிசம்பரில் பாதிக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயிச்சாங்க. மாநாட்டிலிருந்து கோட்டை வரை பத்து வருசம், தோழர்களே!

2006 மே தினத்தன்று எரிவாயு நாட்டுடைமை ஆனது. அந்த வருமானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, 60 வயது தாண்டியவங்களுக்கு ஓய்வுத்தொகை. கடும் வறுமையில் இருந்தவங்க பங்கு பாதிக்கும் கீழே போச்சு. இது சாதாரண சாதனை இல்லை.

கருவி கை மாறியது

இனி கசப்பான பக்கம். ஆட்சிக்கு வந்ததும் சங்கத் தலைவர்கள் பதவிகளில் உட்கார்ந்தாங்க. கேள்வி கேக்க வேண்டிய சங்கம் கைதட்டுற சங்கமா மாறத் தொடங்கியது. 2011ல் பழங்குடிகள் நிலத்தின் வழியே ரோடு போடுவதை எதிர்த்து நடந்து வந்த பழங்குடிகளையே போலீஸ் அடிச்சது. அதுவும் பழங்குடித் தலைவர் ஒருத்தர் ஆட்சியில்!

2016ல் மொராலஸ் மீண்டும் நிக்கலாமான்னு மக்களிடம் வாக்கெடுப்பு வச்சாங்க. வேண்டாம்னு சொன்னாங்க ஜனங்க. 2017ல் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி அவர் வழி போட்டுக்கிட்டார். 2019 தேர்தலில் தகராறு, கலவரம். பட்டாளமும் விலகச் சொன்னது. நவம்பரில் ராஜினாமா செய்து நாட்டை விட்டே போனார். 2020ல் மக்கள் மறுபடியும் மாஸ் கட்சிக்கு 55 சதவீதம் ஓட்டு போட்டாங்க. கிடைச்ச வாய்ப்பை என்ன செய்தாங்க? பழைய தலைவரும் புது ஜனாதிபதி லூயிஸ் ஆர்செயும் மல்லுக்கு நின்னாங்க. 2023ல் விவசாயிகள் சம்மேளனமே ரெண்டா உடைஞ்சது. டாலர் இல்லை, டீசல் இல்லை, விலைவாசி ஏறிப்போச்சு. 2025 ஆகஸ்ட் தேர்தலில் அந்தக் கட்சி வேட்பாளர் வாங்கியது சுமார் மூணு சதவீதம்!

பத்து வருசம் பாடுபட்டுக் கட்டினது, கட்டினவங்க கையை விட்டுப் போனதால இந்தக் கதி.

நம்ம நாட்டு அனுபவம்

இங்கேயும் முயற்சி நடந்திருக்கு. மின்கட்டணத்தை எதிர்த்து 1972ல் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்த சங்கத்தின் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு, 1982ல் கட்சி தொடங்கினார். 1984ல் அவர் காலமானார். அதன்பின் சங்கம் பல துண்டானது; கட்சியும் ஆட்சியைப் பிடிக்கும் அளவுக்கு வளரலை. பஞ்சாபைப் பாருங்க. டெல்லி எல்லையில் ஒரு வருசத்துக்கும் மேல் உட்கார்ந்து மூன்று சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தாங்க. 2021 டிசம்பரில் 22 சங்கங்கள் சேர்ந்து கட்சி கட்டி, 2022 பிப்ரவரியில் தேர்தலில் நின்னாங்க. ஒரு சீட்டுகூட இல்லை. எல்லாச் சங்கமும் அதில் சேரவும் இல்லை. போராட்டத்துக்கு வந்த கூட்டம் அப்படியே ஓட்டாகாது. ரெண்டு மாசத்தில் கட்சி முளைக்காது.

ஆகவே பேரவை முன் நாங்கள் வைப்பது

ஒன்று: இப்போது கட்சிப் பேர் வேண்டாம், கொடி வேண்டாம். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அங்கிருந்து தொடங்குவோம். சங்கம் பலமா இருக்கிற ஊர்களில் வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் நிற்போம்.

இரண்டு: வேட்பாளரை ஊர்க் கூட்டமே தேர்ந்தெடுக்கணும். நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், கூலிக்காரர் எல்லாருக்கும் சம ஓட்டு. பெண்கள் இல்லாத கூட்டத்தின் முடிவு செல்லாது. காலனியில் ஒரு கூட்டம், ஊருக்குள் ஒரு கூட்டம் என்பது கூடவே கூடாது. கூலிக்காரனுக்கு இடமில்லாத விவசாயி கட்சி இடதுசாரிக் கட்சி ஆகாது, ஜெயிக்கவும் செய்யாது.

மூன்று: பதவிக்குப் போறவர் சங்கப் பொறுப்பை விடணும். மூணு மாசத்துக்கு ஒருமுறை ஊர் முன்னாடி வரவு செலவு சொல்லணும். சொல்லாட்டி சங்கம் ஆதரவை விலக்கிக்கும். ரெண்டு தடவைக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது.

நான்கு: நெசவாளர், மீனவர், கட்டிடத் தொழிலாளர் போராட்டத்துக்கு நாமும் போகணும். கட்சி பற்றிய முடிவு, எல்லாரும் கலந்து பேசி எடுக்கிற முடிவா இருக்கட்டும்.

பத்து வருசம் ஆகும். ஆகட்டும். தென்னை வச்சவன் மறுநாளே இளநீர் கேக்கிறதில்லை. ஆனா பத்து வருசம் கழிச்சும் இதே மனுவோடு இதே வாசலில் நம்ம பிள்ளைங்க நிக்கக்கூடாது. ஒவ்வொரு கிளையும் இந்த நாலு தீர்மானத்தையும் படிச்சு, விவாதிச்சு, திருத்தி அனுப்புங்க. எங்களுக்குக் கைதட்டல் வேண்டாம். உங்க கேள்வி வேண்டும்.

கட்சிகளுக்கு ஏணியாக இருக்க மாட்டோம்!
நம் கருவியை நாமே செய்வோம்! நம் கையிலேயே வைத்திருப்போம்!
விவசாயி – தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!