சேப்பாக்கத்து ஆட்டங்களும் வெண்ணிப் பறந்தலையும்



இலக்கிய அவையில் கிரிக்கெட்டிற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவிற்கு விடை கூறத் தகுதியுடையவர் ஒருவர் உண்டு. அவர் பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார்.

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. அவன் ஆமூர் மல்லனோடு பொருத மற்போரே அவற்றுள் பெரிதும் பேசப்படுவது. முதல் மூன்று பாடல்களைப் பாடியவர் சாத்தந்தையார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, மனைவி மகப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது, இத்தனைக்கும் நடுவே கட்டில் பின்னி முடித்தாக வேண்டிய தொழிலாளியின் கை ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அவ்வளவு விரைவாக அமைந்தது கிள்ளியின் போர் என்கிறார் அவர். பின் மூன்று பாடல்கள் நக்கண்ணையாருடையவை. மற்போரைக் கண்டு நின்ற கூட்டத்தில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்றனர். மற்றொரு சாரார் இல்லை என்றனர். நக்கண்ணையாரோ காற்சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் கண்டதாகப் பாடுகிறார். ஒரு போட்டியைப் பார்த்தவர், கூட்டத்தின் இரு வேறு கூற்றுகளோடு சேர்த்து அதை வருணித்தது தமிழில் இதுவே பழமையானது எனலாம். அப்படி வருணித்தவர் ஒரு பெண் என்பதும் எண்ணத்தக்கது. அப்பாடலில் வெற்றியைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'ஆடு' என்பது. விளையாடுதலைக் குறிக்கும் வினையின் வடிவமும் அதுவே.

புறநானூற்றுக்கு விரிவான உரை கண்ட ஔவை சு. துரைசாமிப்பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் என்பது இவ்வவை அறிந்ததே. அப்பல்கலைக்கழகம் 1929இல் தோன்றக் காரணமாக இருந்தவர் அண்ணாமலை செட்டியார். அவருடைய மைந்தருள் ஒருவரான மு. அ. சிதம்பரத்தின் பெயரைத்தான் சென்னைச் சேப்பாக்கம் விளையாட்டரங்கம் தாங்கி நிற்கிறது. ஆக, தில்லையின் பெயரே அங்கும் வழங்குகிறது. இது தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆயினும் சிதம்பரத்துக்காரர்கள் விடமாட்டார்கள்.

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் சேப்பாக்கம் நெடுநாள் காட்சியாக இல்லை, கேள்வியாகவே இருந்தது. தொலைக்காட்சி வீடுதோறும் புகுவதற்கு முன்பு, டிரான்சிஸ்டர் பெட்டியைக் காதருகே வைத்துக்கொண்டவர் ஒருவர்; அவரைச் சுற்றி நின்றவர் பத்துப் பேர். கடை வாசலில் கரும்பலகை வைத்து ஓட்ட எண்ணிக்கையைச் சுண்ணக்கட்டியால் எழுதி எழுதி அழிப்பவரும் இருந்தனர். சென்னை வானொலி தமிழில் வருணனை தரத் தொடங்கிய பின்னர் இக்கேள்வி இன்பம் வேறு தளத்தை எட்டியது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலியோரின் குரல்கள் அவ்வகையில் நினைவுகூரத்தக்கவை. பந்து ஒன்று வீசப்பட்டு அடுத்தது வீசப்படுவதற்குள் நிகழ்ந்ததைத் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லி முடிக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருவது. பந்து உயர எழுந்தது, ஆட்டக்காரர் பின்னோக்கி ஓடினார், கைகளை நீட்டினார் என்று எழுவாயும் எச்சமும் அடுக்கிச் சென்று, பிடித்தாரா விட்டாரா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியவரும். மொழியின் இயல்பே ஆட்டத்தின் தவிப்பிற்கு இசைந்து நின்றது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் நெடிது ஆராய்ந்து தந்த சொற்கள் சில ஏட்டளவில் நின்றுவிட, 'ஆட்டமிழந்தார்' என்னும் சொல் எவர் பரிந்துரையுமின்றி மக்கள் நாவில் நிலைத்ததையும் ஈண்டுக் குறிப்பிடலாம்.

இனி ஆட்டங்களுக்கு வருவோம். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில்தான். இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் 8 ஓட்ட வித்தியாசத்தில் வென்ற அவ்வாட்டத்தில் வினூ மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டத்தின் முதல் நாளாகிய பிப்ரவரி 6ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தியும் வந்தது. வரலாற்றாசிரியர்க்கு உகந்த ஆட்டம் அது. எனினும் முதியவர்கள் ஆட்டக் கதை பேசத் தொடங்கினால், இந்த முதல் வெற்றியைக் கடந்து 1975க்கு வந்துவிடுவதே வழக்கம். ஏன் என்பது ஆராயத்தக்கது.

1975 ஜனவரி 11ஆம் நாள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியது. பொங்கற் பருவம். ஆண்டி ராபர்ட்ஸ் பந்து வீச்சின் வேகத்திற்கு முன்னே இந்திய ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினர். 76 ஓட்டங்களுக்குள் ஆறு விக்கெட்டுகள் போயின. ஒரு முனையில் உருவத்தில் சிறியவரான குண்டப்பா விசுவநாத் நின்றார். மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை வெட்டிச் செலுத்துவதில் அவருக்கு நிகர் அவரே. பிஷன் சிங் பேடி சிறிது நேரம் உடன் நின்றார். கடைசியாக வந்தவர் சந்திரசேகர். மட்டை பிடிக்கத் தெரியாதவர் என்று உலகமே அறிந்தவர். அவரையும் வைத்துக்கொண்டு விசுவநாத் அடித்து ஆடினார். சந்திரசேகர் ஆட்டமிழந்தபோது இந்தியாவின் எண்ணிக்கை 190. விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97. ராபர்ட்ஸ் 64 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்திருந்தார்.

அவ்வாட்டத்தில் இந்தியா 100 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. பிரசன்னாவின் சுழற்பந்து அதற்குப் பெருந்துணை. ஆனால் அந்த 100 இன்று பலர்க்கு நினைவில்லை, 97 நினைவிருக்கிறது. மூன்று ஓட்டம் சேர்ந்து சதமாகியிருந்தால், சதங்களின் நீண்ட பட்டியலில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். வெண்பாவின் ஈற்றடி ஏனைய அடிகளினும் ஒரு சீர் குறைந்து, அதன் இறுதிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்று குறுகி முடிவதை யாப்பறிந்தோர் குறையென்று கொள்வதில்லை. நான்காம் சீரை நிரப்பினால் அது வெண்பாவே ஆகாது.

அடுத்தது 1986. செப்டம்பர் 18 முதல் 22 வரை ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டம். மழை வராத புரட்டாசி வெயிலில் கடற்கரைப் புழுக்கம் எத்தகையது என்பதைக் கடலூரில் விளக்க வேண்டியதில்லை. டீன் ஜோன்ஸ் என்னும் இளைஞர் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக அவ்வெயிலில் நின்று 210 ஓட்டங்கள் எடுத்தார். உடலில் நீர் வற்றி ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். போதும், திரும்பிவிடுகிறேன் என்ற நிலைக்கு வந்தபோது, அணித்தலைவர் ஆலன் பார்டர், அப்படியானால் குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அனுப்பச் சொல்கிறேன் என்னும் பொருள்படச் சீண்டினார். ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்தவர். பார்டரோ குவீன்ஸ்லாந்து அணிக்கு ஆடியவர். புறப்பாட்டில் வஞ்சினம் மொழியும் மறவனைப்போல் ஜோன்ஸ் நின்று ஆடினார். ஆட்டமிழந்து வந்த பின் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று அவர் உடலில் நீர் ஏற்றினர். சொல்லொன்று மனிதனைக் களத்தில் நிறுத்தும் என்பதை அந்தச் சீண்டலில் காண்கிறோம். அது நல்ல சொல்லா என்பது வேறு வினா.

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574. இந்தியா 397, அதில் கபில்தேவ் 119. கடைசி நாள் இந்தியா வெல்ல வேண்டிய இலக்கு 348. கவாஸ்கர் 90 அடித்தார். வெற்றி கைக்கெட்டும் நிலையில் விக்கெட்டுகள் சரிந்தன. கடைசி ஓவர் தொடங்கும்போது தேவை நான்கு ஓட்டங்கள். எஞ்சியது ஒரே விக்கெட். வீசியவர் கிரெக் மாத்யூஸ். அந்தப் புழுக்கத்திலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாதவர் என்று பேர் வாங்கியவர் அவர். இரண்டாம் பந்தில் ரவி சாஸ்திரி இரண்டு ஓட்டம் எடுத்தார். மூன்றாம் பந்தில் ஓர் ஓட்டம். இரு அணிகளும் சமம். இனித் தோல்வி இல்லை. ஆனால் அந்த ஓர் ஓட்டம் மட்டையைக் கடைசி ஆட்டக்காரரான மணீந்தர் சிங்கிடம் கொடுத்துவிட்டது. நான்காம் பந்து தடுக்கப்பட்டது. ஐந்தாம் பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு கையை உயர்த்தினார். ஒரு பந்து மீதமிருக்க ஆட்டம் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் இதற்கு முன் ஒரே ஒரு முறை, 1960 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது இவ்வாறு நிகழ்ந்திருந்தது.

பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணீந்தர் பின்னாளிலும் கூறிவந்தார். பட்டது என்போர் ஒரு சாரார். படவில்லை என்போர் ஒரு சாரார். நக்கண்ணையார் கேட்ட அதே இரு கூற்றுகள். சாய்ந்து நின்று பார்க்க ஒரு பனைமரந்தான் இல்லை. விக்ரம்ராஜு அதன்பின் எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. சாஸ்திரி ஏன் அந்த ஓர் ஓட்டத்தை எடுத்தார், மட்டையைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கலாகாதா என்னும் வழக்கும் இன்றுவரை தீரவில்லை. தோல்வியைத் தவிர்ப்பதா, வெற்றியை நாடித் துணிவதா என்னும் அக்கணத்தில் அவர் தேர்ந்தது பிழையன்று என்றே கொள்ள வேண்டும். 48 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் எதிர்முனையில் நின்று அந்த ஐந்தாம் பந்தைப் பார்த்தவரின் நிலையை எழுத, உரைநடையினும் பாட்டே ஏற்றது. எழுதுவார்தாம் வேண்டும். டீன் ஜோன்ஸ் 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில் காலமானார். அந்த ஐந்தாம் பந்து வீசப்பட்டு 34 ஆண்டுகளும் இரண்டு நாள்களும் ஆகியிருந்தன.

வென்றவர் யார் என்பதே கருதப்படாத ஆட்டமும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டையும் என்ன செய்தது என்பது இவ்வவையோர் நெஞ்சறிந்தது. பதினைந்தாம் நாள், 2005 ஜனவரி 10இல், மெல்போர்ன் நகரில் ஆசிய அணியும் உலகின் ஏனைய நாட்டு அணியும் பேரலைத் துயர்துடைப்பு நிதிக்காக ஆடின. கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன் ஆசிய அணியில் ஆடினார். ரிக்கி பாண்டிங் 115 ஓட்டங்கள் எடுக்க, ஆசிய அணி 112 ஓட்டங்களால் தோற்றது.

பெற்ற வெற்றிகளும் பல. 2001 மார்ச்சில் ஹர்பஜன் சிங் 15 விக்கெட் வீழ்த்தி ஆஸ்திரேலியாவை அடக்கினார். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம் நிறையும் முன்னே, 2008 டிசம்பரில் இங்கிலாந்து வைத்த 387 என்னும் இலக்கை சச்சின் டெண்டுல்கரின் சதம் எட்டிப் பிடித்தது. அவை மகிழ்வித்தன. அம்மட்டில் நிற்கும்.

1999 ஜனவரி ஆட்டம் அவ்வாறு நின்றுவிடக் கூடியதன்று. பாகிஸ்தான் அணி நெடுநாளுக்குப் பின் இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. வரக்கூடாது என்ற மிரட்டல்களும் எழுந்திருந்தன. இந்தியா வெல்ல 271 தேவை. 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்தன. டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்றார். நயன் மோங்கியா 52 எடுத்துத் துணை நின்றார். சக்லைன் முஷ்டாக்கின் பந்தை உயரத் தூக்கியடித்து டெண்டுல்கர் பிடி கொடுத்தபோது அவர் எடுத்திருந்தது 136. வெற்றிக்கு இன்னும் 17 ஓட்டங்கள். கையில் மூன்று விக்கெட்டுகள். அந்த மூன்றும் நான்கே ஓட்டங்களில் போயின. இந்தியா 12 ஓட்டங்களால் தோற்றது.

இவ்விடத்தில் வெண்ணிக்குயத்தியாரை நினையாதிருத்தல் இயலாது. நீடாமங்கலத்திற்கு அருகே இன்று கோயில்வெண்ணி என வழங்கும் ஊரே அன்றைய வெண்ணி என்பர். அவ்வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற ஊரின் பெண். பெயரால் குயவர் குடியினர். அவர் வென்ற மன்னனையே விளித்து, அவன் வெற்றியை ஒப்புக்கொண்டு, உன்னிலும் அவன் நல்லவன் அல்லனோ என்று தோற்றவனைச் சுட்டிக் கேட்கிறார். தன் நாட்டு வெற்றியைப் பாடும் கடமையுடைய புலவர், எதிரியின் சிறப்பைத் தம் அரசன் முகத்துக்கு நேரே கூறிய துணிவு அது. புறநானூற்றின் 66ஆம் பாடலாக அது நிலைபெற்றது.

சேப்பாக்கத்துக் கூட்டத்திற்கு அப்பாடல் தெரிந்திருந்ததா என்று கேட்பது வீண். நிகழ்ந்ததைச் சொல்வதே போதும். இங்கே தோற்றவர் நம்மவர், வென்றவர் எதிரணியினர். கடைசி விக்கெட் வீழ்ந்ததும் அரங்கில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு பகுதியில் கைதட்டல் எழுந்தது. அரங்கம் முழுதும் எழுந்து நின்று தட்டியது. உடை மாற்றும் அறையை நோக்கி நடந்த வாசிம் அக்ரமும் அவர் அணியினரும் திரும்பி வந்து மைதானத்தைச் சுற்றி ஓடினர். பரிசளிப்பில் ஆட்ட நாயகனாக அழைக்கப்பட்ட டெண்டுல்கர் வெளியே வரவில்லை. கூட்டம் அப்போதும் நின்றுகொண்டிருந்தது.