எழுதும் ஆசையும் இல்லறக் கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவும் கபரஸ்தான் சுற்றுச்சுவரும் பேசி முடித்த பிறகு இமாமுக்குச் சிறிது நேரம் ஒதுக்குவது வழக்கம். இவ்வாண்டு நாம் பேச எடுத்துக் கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லி விடுகிறோம்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் மவுத்தானார். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் நெடுங்காலம் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்று தேவாரத்தில் இருந்த ஆண்டுகளில் முதல் ஸஃப்பில் நமக்கு நேர் பின்னால் நின்று தொழுதவர். அவருடைய வீட்டிற்கு ஆறுதல் கூறச் சென்றபோது, மகன் ஒரு சாக்குப் பையைக் கொண்டு வந்து நம் முன் வைத்தார். உள்ளே நீளமான கணக்கு நோட்டுகள். முன்பக்கங்களில் மூட்டை, எடை, விலை. பின்பக்கத்தைத் திருப்பினால் வேறோர் உலகம். மலைப்பாதையில் தலைச்சுமையோடு இறங்கிய காலம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகுப் புகைக்கு நடுவே விழித்திருந்த இரவுகள், மழைக்காலத்தில் சரத்திலேயே அழுகிப் போன காய், மனைவி நோயில் கிடந்த எட்டு மாதங்கள், நபிகள் நாயகத்தின் மீது புனைந்த பாக்கள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆயினும் படித்துக் கொண்டே அஸர் நேரத்தைத் தவறவிட இருந்தோம்.

“இவ்வளவுதானா?” என்று கேட்டோம். வீட்டிற்குச் சுண்ணாம்பு அடித்தபோது பழைய நோட்டுகளில் பாதிக்கு மேல் பேப்பர் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார் மகன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இஷாவுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார், ஹஜ்ரத். அத்தா கணக்கு எழுதுகிறார் என்றுதான் நினைத்தோம்” என்றார்.

அந்தச் சொல் நம்மை விடவில்லை. மகனைக் குறை சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தனை காலம் நின்றவரைப் பற்றி நமக்கும்தான் தெரியவில்லை. அவர் ஏன் மறைத்தார்? எழுதுவது வேலையற்றவன் செய்யும் காரியம், குடும்பஸ்தனுக்கு அழகன்று என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருப்பதனால் மறைத்தார். இது நமக்கு நாமே உண்டாக்கிக் கொண்ட எண்ணம். முதன்முதலாக இறங்கிய வஹியிலேயே எழுதுகோல் குறிப்பிடப்பட்டிருக்கிறது. கலம் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மக்தபில் ஓதும் நம் குழந்தைகளுக்குக் கூட இது தெரியும்.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி உண்டு. மனைவி மக்கள், பெற்றோர், கடன், கடை என்று ஆயிரம் இருக்கும்போது எழுத நேரம் ஏது? மதரஸாவில் ஓதிய நாளில் இக்கேள்விக்கு நாம் அறிந்திருந்த விடை சற்று அச்சமூட்டுவது. அஸருக்குப் பின் இப்பள்ளியில் நாம் வாசித்து வரும் ரியாளுஸ் ஸாலிஹீனைத் தொகுத்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மணம் புரியவில்லை. தஃப்ஸீருக்கும் வரலாற்றுக்கும் பேர்போன இமாம் தபரீ (ரஹ்) அவர்களும் அவ்வாறே. இப்னு தைமிய்யா அவர்களும் அவ்வாறே. கல்விக்காகத் திருமணத்தைத் துறந்த உலமாக்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார் சிரியா நாட்டு அறிஞர் அப்துல் ஃபத்தாஹ் அபூகுத்தா (ரஹ்). அதைப் படித்த இளம் மாணவர்கள் சிலர், நாமும் இப்படியே இருந்து விடலாமே என்று சொல்லித் திரிந்ததுண்டு. அடுத்த ஷவ்வாலில் அவர்களுடைய நிக்காஹ் பத்திரிகை வந்து சேர்ந்தது வேறு கதை!

அப்பெருமக்கள் விதிவிலக்குகள். குடும்பத்தின் நடுவே இருந்துகொண்டு எழுதியவர்களே மிகுதி. ஹிஜ்ரி 597-இல் (கி.பி. 1201) பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களைப் பாருங்கள். பிள்ளைகள் பலருக்குத் தந்தை. ஏராளமான நூல்களுக்கு ஆசிரியர். வீண் பேச்சுக்காக வந்து அமர்பவர்களைத் துரத்தவும் மனமில்லை, நேரத்தை இழக்கவும் மனமில்லை. ஆகவே காகிதம் வெட்டுவது, எழுதுகோல் சீவுவது, ஏடுகளைக் கட்டுவது ஆகிய வேலைகளை அவர்கள் வரும் நேரத்திற்கென்றே ஒதுக்கி வைத்தார்களாம். இதனைத் தம் நூலொன்றில் அவர்களே குறிப்பிடுகிறார்கள். தம் மகனுக்கு அறிவுரையாகத் தனியொரு சிறு நூலும் எழுதினார்கள். தந்தை என்ற கவலையே அந்நூலை எழுத வைத்தது. குடும்பம் எழுத்தைக் கெடுத்து விடும் என்பவர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

நம் தமிழகத்திற்கு வருவோம். நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் என்ற அம்மையார் பள்ளியில் கற்றது மூன்றாம் வகுப்பு வரை. சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். அவருடைய முதல் நாவல் 1938-இல் வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அவர்களே அதனைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயர் நூலின் அட்டையில் அச்சாவது அரிதாக இருந்த காலம் அது. கதைகளோடு நில்லாமல் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றையும் எழுதினார். 1998-இல் மறைந்தார். அந்த முதல் நாவலின் பெயர் என்ன தெரியுமா? ‘காதலா? கடமையா?’ நாவலின் கதையை இங்கே நாம் பேச வரவில்லை. எழுத்தின் மீது காதல் கொண்ட நம் வீட்டுப் பெண் ஒவ்வொருத்தியிடமும் நாம் நீட்டுகின்ற கேள்வியே அத்தலைப்பாக அமைந்து விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

ஆண்களுக்கும் ஒருவரைக் காட்டுகிறோம். நம் ஊரில் ஏலக்காயும் மிளகும் வியாபாரம் செய்பவர்கள் கேளுங்கள். தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தவர். பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தொழில், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம். நெடி ஏறும் தொழில். அந்தத் தொழிலுக்கிடையில்தான் தம் கடலோர ஊரின் பேச்சையும் அங்கு நடந்த அநியாயங்களையும் எழுதினார். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலானபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. 1997-இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 2019-இல் மறைந்தார். அவர் நூல்களில் ஜமாஅத் தலைவர்களும் நம்மைப் போன்ற ஆலிம்களும் கடுமையான விமர்சனத்துக்கு ஆளாகிறார்கள். சில இடங்களில் நமக்கும் உடன்பாடில்லை. ஆயினும் படிக்க வேண்டிய எழுத்து.

எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தைப் பட்டினி போடுகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். மனைவியின் நகையை அடகு வைத்துக் கவிதைப் புத்தகம் அச்சிட்டுக் கட்டுக் கட்டாகப் பரணில் போட்டவரை நாம் அறிவோம். தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பாழாக்குவது ஒரு மனிதனுக்குப் போதுமான பாவம் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. மீரான் அவர்கள் வியாபாரத்தைக் கைவிட்டு விட்டு எழுத உட்காரவில்லை.

அபூதர்தா (ரலி), ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) ஆகியோரின் சம்பவம் நீங்கள் அடிக்கடி கேட்டதுதான். இரவெல்லாம் வணக்கத்தில் நின்று மனைவியை மறந்திருந்த அபூதர்தாவை ஸல்மான் உறங்கச் சொன்னார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் அவரவர் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது உண்மையே என்று நாயகம் (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். பயான்களில் இத்துடன் நிறுத்தி விடுகிறோம். அந்த ஹதீஸில் ஒரு செய்தியை விட்டு விடுகிறோம். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் இப்போது எழுங்கள் என்று சொல்லி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். ஸல்மான் அவர்கள் அந்த வணக்கத்தை நிறுத்தவில்லை. அதற்கு ஓர் இடம் குறித்துக் கொடுத்தார்கள்.

பராயிழ் எனும் வாரிசுரிமைச் சட்டத்தில் இருவகை வாரிசுகள் உண்டு. இன்னின்ன பங்கு என்று நிர்ணயிக்கப்பட்டவர்கள் ஒரு வகை. பங்குகள் கொடுத்த பின் எஞ்சியதைப் பெறும் ‘அஸபா’ மற்றொரு வகை. பங்குகளிலேயே சொத்து முடிந்து விட்டால் சில சமயம் அஸபாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. நம் வீடுகளில் எழுதும் ஆசையையும் படிக்கும் ஆசையையும் நாம் அஸபாவாகவே வைத்திருக்கிறோம். எஞ்சினால் எடுத்துக்கொள் என்கிறோம். எஞ்சுவதில்லை. பெண்களுக்கு ஒருபோதும் எஞ்சுவதில்லை.

இதை நாம் தெரிந்துகொண்டது நம் தவற்றிலிருந்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் வந்து, தம் மனைவி இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதிக் கொண்டிருக்கிறாள், ஹஜ்ரத்தான் புத்தி சொல்ல வேண்டும் என்றார். தடுக்க வேண்டாம், வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு எழுதட்டும் என்று சொல்லி அனுப்பினோம். நடுநிலையான தீர்ப்பு வழங்கிய திருப்தியோடு வீட்டிற்குப் போய் நம் வீட்டாரிடமும் சொன்னோம். அவர் சோறு பரிமாறிக் கொண்டே, “வீட்டு வேலை எப்போது முடியும்?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அந்தச் சகோதரர் எஸ்டேட்டுக்குப் போகிறவர். பஜ்ருக்கு முன்பே ஜீப் வந்து விடும். அதற்குமுன் அவருக்குச் சோறு கட்ட வேண்டும். பிறகு பிள்ளைகள் மக்தபுக்கும் பள்ளிக்கூடத்திற்கும். படுக்கையில் கிடக்கும் மாமியார். தண்ணீர், துணி, அடுப்பு. மாலையில் ஜீப் திரும்பும்போது மீண்டும் அடுப்பு. வீட்டு வேலை முடிந்த பிறகு டீக்கடைக்குப் போ என்று எந்த ஆணுக்காவது நாம் சொன்னதுண்டா? அந்தச் சகோதரரை மறுபடி அழைத்து, நாம் சொன்னது பிழை என்றோம். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளைகளை அவரே பார்த்துக் கொள்ளட்டும். நாயகம் (ஸல்) அவர்களே வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் என்றோம். அவர் நல்ல மனிதர். சரி என்றார்.

அதற்குள் அந்தச் சகோதரி எழுதுவதை நிறுத்தி விட்டிருந்தார். நம் வீட்டார் போய்ப் பார்த்தபோது, எழுதாத பக்கங்களை மகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்து விட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு முதல் நமது மலரில் எட்டுப் பக்கங்கள் நம் ஜமாஅத்தார் எழுதுவதற்கென ஒதுக்கப்படும். பெயர் போட விரும்பாதவர்கள் பெயரின்றித் தரலாம். பிழை திருத்துவது நம் பொறுப்பு. பெண்கள் நம் வீட்டாரிடம் கொடுத்தனுப்பலாம். வீட்டில் முதியவர்களின் பழைய நோட்டுகள் இருந்தால், சுண்ணாம்பு அடிக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கரின் குடும்பத்தார் இசைவளித்திருப்பதால், எஞ்சிய நோட்டுகளிலிருந்து சில பக்கங்களை இப்போதே படியெடுத்து வருகிறோம்.

அந்தச் சகோதரியிடமிருந்து நோட்டு சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முன்பாதியில் அவர் எழுதிய மூன்று கதைகள், பின்பாதியில் மகளின் பெருக்கல் கணக்கு. கதைகளைப் படியெடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பி அனுப்பினோம். கூடவே புதிய நோட்டு இரண்டு வாங்கி, ஒன்றில் மகளின் பெயரையும் மற்றொன்றில் தாயின் பெயரையும் எழுதிக் கொடுத்து விட்டோம்.

வஸ்ஸலாம்.