பிள்ளையைப் பேணும் பாடசாலை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கல்வியும் இளைஞர் கடமையும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டிருந்தார். அது மிகப் பெரிய பொருள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதைப் பேசுகிறார். நாமும் கைதட்டிவிட்டு வீடு செல்கிறோம். ஆகையால் அதில் ஒரு சிறு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். பாடசாலைக்கு வந்தும் படிக்க முடியாதிருக்கிற பிள்ளையைப் பற்றியும், அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து வேலை செய்கிற சிலரைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

படிக்க முடியாத பிள்ளை என்றவுடன் மந்த புத்தியுள்ள பிள்ளை என்று எண்ணிவிடுகிறோம். நான் சொல்வது வேறு. கண் தெரியும், காது கேட்கும், புத்தியும் உண்டு. ஆயினும் வாங்கில் ஐந்து நிமிடம் இருக்க மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறிப்பான். கரும்பலகையில் எழுதுவதற்காக ஆசிரியர் கையை உயர்த்தினாலும் தலையைக் குனிந்து மறைத்துக்கொள்வான். இன்னொரு பிள்ளை இதற்கு நேர்மாறு. ஒரு தவணை முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகும். முதற் பிள்ளைக்கு அடி விழும். இரண்டாம் பிள்ளைக்குச் சத்தமில்லாத நல்ல பிள்ளை என்று பெயர் கிடைக்கும். அந்த இரண்டாம் பிள்ளையின் நிலையே எனக்கு அதிகம் கவலை தருவது.

இவ்விதப் பிள்ளைகள் இலண்டன் மாநகரின் ஹக்னி என்னும் ஏழைப் பகுதியிலும் இருந்தார்கள். பல தேசங்களிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. ஐந்து வயதிலே பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர் வகுப்பிலே தரிக்க முடியாமல் விசேட பாடசாலைகளுக்கு அனுப்பப்படும் நிலையில் இருந்தனர். இலண்டன் கல்வி அதிகார சபையில் உளவியலாளராகக் கடமையாற்றிய மார்ஜோரி பொக்ஸோல் என்னும் அம்மையார் 1969ஆம் ஆண்டளவில் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். இப்பிள்ளைகளிடம் நோய் இல்லை. மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் தாய்மடியில் கிடைக்க வேண்டிய சில அனுபவங்கள் ஏதோ காரணத்தால் கிடைக்காமற் போயின. கிடைக்காமற் போனதைப் பாடசாலைக்குள்ளேயே கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. தாயன்பிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஜோன் போல்பி என்னும் வைத்தியர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை அக்கருத்துக்கு முன்பே வழி வகுத்திருந்தது.

அவர் அமைத்த வகுப்பைத் தமிழில் அரவணைப்பு வகுப்பு என்று சொல்லலாம். அது ஒரு சாதாரண அறை. ஒரு பக்கம் மேசையும் புத்தகமும். மறுபக்கம் வீட்டைப் போல ஓர் அடுப்பு, சாய்ந்திருக்க ஒரு சோபா. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பெரியவர் இருவர், ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும். காலையில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து வாட்டிய பாணும் பாலும் உண்பார்கள். இதற்கு ஏன் பாடசாலை என்று கேட்கத் தோன்றும். அந்த மேசையிலே பாருங்கள்: தன் முறை வரும்வரை காத்திருத்தல், மற்றப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தல், வேண்டும் என்பதை வாயாற் கேட்டல், கேட்டது கிடைக்கும் என்று நம்பியிருத்தல் ஆகிய இத்தனையும் அங்கே நடைபெறுகின்றன. காத்திருக்கத் தெரியாத பிள்ளை கூட்டற் கணக்கை எப்படிச் செய்து முடிக்கும்?

இன்னொன்றும் உண்டு, அதுவே எனக்கு மிக நுட்பமானதாகப் படுகிறது. அந்த இரு பெரியவர்களும் ஒருவரோடொருவர் பேசும் விதமே பாடமாகிறது. ஒருவர் மற்றவரிடம் உதவி கேட்கிறார். மற்றவர் முகம் சுளியாமற் செய்கிறார். கருத்து வேறுபட்டாலும் குரல் உயரவில்லை. பெரியவர்கள் பேசத் தொடங்கினால் முடிவில் ஏதோ உடையும் என்றே பழகிய பிள்ளை இதை வாய்திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளையின் பெயர் அதன் சொந்த வகுப்பு இடாப்பிலேயே இருக்கும். இரண்டு முதல் நான்கு தவணைகளுக்குள் அது தன் வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். ஒதுக்கி வைக்கும் அறையாக அது ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இலண்டன் கல்வி அதிகார சபை 1990இல் கலைக்கப்பட்டது. எனினும் பொக்ஸோல் அம்மையாரின் வழி அதனோடு அழிந்துவிடவில்லை. இன்று அதனைக் கொண்டு செல்வது நேர்ச்சர் யூகே என்னும் ஒரு தரும ஸ்தாபனம். அதன் ஊழியர்கள் பாடசாலைகளிலுள்ள ஆசிரியர்களைப் பயிற்றுகிறார்கள். அவர்கள் ஓயாமற் சொல்லும் ஒன்று, பிள்ளையின் ஒவ்வொரு நடத்தையும் ஒரு செய்தி என்பதாகும். பென்சிலைப் பறிப்பவன் எதையோ சொல்கிறான். அதை வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இதனாற் பயன் உண்டா என்று கேட்பது நியாயம். பெல்பாஸ்ற் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் வட அயர்லாந்திலே இவ்வகுப்புகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, பிள்ளைகளின் நடத்தையிலும் பிறரோடு பழகுவதிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. எழுத்திலும் கணக்கிலும் அவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை எதிர்பார்த்து யாராவது இதைத் தொடங்குவாரானால் ஏமாந்துபோவார் என்பதற்காகவே இதைச் சொல்லிவைக்கிறேன்.

நிற்க. இலண்டனைப் பற்றி இவ்வளவு சொல்கிறானே, நம்மிடத்தில் ஒன்றுமில்லையா என்று நீங்கள் எண்ணலாம். உண்டு. காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனம் என்னும் விபுலாநந்த அடிகள், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். யாழ் நூலையும் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியையும் நினைத்து அவரைப் போற்றுகிறோம். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இராமகிருஷ்ண மிஷன் நடத்திய இல்லத்தை நினைப்பது குறைவு. பிள்ளை உண்ணும் இடமும், உறங்கும் இடமும், படிக்கும் இடமும் ஒன்றையொன்று அடுத்திருந்தன. நேற்றிரவு அழுத பிள்ளை எது என்று இன்று காலை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதனால் விளைந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு, எந்தப் பிள்ளை இரவு அழுதது என்று எப்படித் தெரியும்?

அடுத்து, நம் காலத்திலேயே மட்டக்களப்பில் நடந்ததொன்றைச் சொல்ல வேண்டும். 1990இல் மீண்டும் மூண்ட போரில் இங்கே பிள்ளைகள் கண்டவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. இச்சபையில் இருப்போரிற் பலர் அக்காலத்துப் பிள்ளைகளே. 1996ஆம் ஆண்டில் போல் ஹோகன் என்னும் கனடாக் கலைஞரும், யேசு சபைக் குருவாகிய அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்றொரு தோட்டத்தை அமைத்தார்கள். போர்க்களத்துப் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியிலிருந்து அது தோன்றியது. பாடசாலைப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாகப் பல மாதங்கள் அங்கே வந்தார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அக்காலத்தில் அது சிறிய காரியம் அன்று. களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், செடி நட்டார்கள், நாடகம் ஆடினார்கள்.

அங்கே பிள்ளைகளோடிருந்து வேலை செய்தவர்களோ, பெரும்பாலும் இம்மாவட்டத்து இளைஞர்கள். போர் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. புண்பட்டவர் புண்பட்ட பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறார். அப்படியிருப்பதற்கு அவருக்கும் ஒருவர் துணை வேண்டும். பேசி ஆற இடம் வேண்டும். பிள்ளையைப் பேணும் ஸ்தாபனம் முதலில் தன் ஊழியரைப் பேண வேண்டும் என்பதை மறந்த இடங்களில் அவ்வேலை நிலைத்ததில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபின் கல்லடி, நாவலடி முதலாய கரையோரமெங்கும் எத்தனை ஸ்தாபனங்கள் வந்தன! வாகனங்கள் வந்தன, பெயர்ப்பலகைகள் வந்தன, வர்ணப் பென்சில்கள் வந்தன. அன்புள்ள பிள்ளைகள் வந்து நம் பிள்ளைகளோடு பாடி ஆடினார்கள். பின்னர் திட்டக்காலம் முடிந்தது, போய்விட்டார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பசிக்குச் சோறு தந்தவரை ஏச எனக்கு மனமில்லை. ஆனால் தாயை இழந்த பிள்ளை ஒரு அக்காவின் கையைப் பிடித்துப் பழகி மூன்றாம் மாதத்தில் அந்த அக்காவையும் இழக்குமானால், அது அடுத்து வருபவரின் கையைப் பிடிக்குமா? 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்திற் சிறுவர்களும் கொல்லப்பட்ட பின்னரும் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அரவணைப்பு வகுப்பில் அடுப்பும் சோபாவும் இரண்டாம் பட்சம். நாள்தோறும் காலையில் அதே இரண்டு முகங்கள் அங்கே இருப்பதே மருந்து.

இங்கே முன்வரிசையிலிருக்கும் அதிபர் ஒருவர் புன்னகை செய்கிறார். பிரம்பைப் பற்றி இவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று எண்ணுகிறார் போலும். கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடற்றண்டனையைத் தவிர்க்குமாறு பணித்தது. ஆசிரியர் அறைந்ததாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனுக்கு நட்டஈடு கொடுக்குமாறு 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தெளிவு. ஆயினும் ஆசிரியரின் கையிலிருந்து பிரம்பை வாங்கியவர்கள் அக்கையில் வேறொன்றையும் வைக்கவில்லை. வெறுங்கையோடு நாற்பது பிள்ளைகளின் முன் நிற்பவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அவரது வகுப்பில் தவிக்கும் இரண்டு பிள்ளைகளைக் காலையில் இரண்டு மணிநேரம் ஏற்றுக்கொள்ள ஓர் அறை இருக்குமானால், அவரும் ஆறுதலாக மூச்சுவிடுவார்.

மேனாட்டார் சொன்னதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. தாயன்பு கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்லும்போது தாய் குற்றவாளியாகத் தோன்றுகிறாள். நம் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் குவைத்துக்கும் சவூதிக்கும் போன தாய்மார், பிள்ளையை விட்டு ஓடியவர்கள் அல்லர்; பிள்ளைக்காகப் போனவர்கள். அவர்களைப் பழிக்கும் பேச்சு அந்த அறைக்குள் நுழையவே கூடாது. மேலும் நமக்கு ஒரு பலமுண்டு. தாய்வழிக் குடிமுறையால் வீடு பெண்பிள்ளைக்கே போவதனால், தாய் கடல் கடந்தாலும் பிள்ளை பெரும்பாலும் அதே வளவில் அம்மம்மாவோடும் சின்னம்மாவோடும் இருக்கிறது. அந்த அம்மம்மாவை அறைக்கு அழைத்துப் பாயில் இருத்திக் கதை சொல்லச் சொன்னால், சோபா வாங்கும் செலவும் மிச்சம்.

ஆகவே இளைஞர்களே, மூன்று நாள் முகாம் ஒன்று நடத்தலாமா என்று உங்கள் செயற்குழு யோசிப்பதாக அறிந்தேன். வேண்டாம். பட்டிருப்புப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஓர் ஆரம்பப் பாடசாலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதிபரதும் வலயக் கல்வி அலுவலகத்தினதும் சம்மதம் பெறுங்கள். ஓர் அறை, பத்துப் பிள்ளைகள். பயிற்றப்பட்ட ஆசிரியை ஒருவரைப் பாடசாலை தரட்டும். உடனிருக்கும் இரண்டாமவருக்கு மாதக் கொடுப்பனவை மன்றம் கொடுக்கட்டும். காலையில் பிட்டோ கஞ்சியோ பயறோ, கிடைப்பது போதும். மூன்று ஆண்டுக்கான பணம் வங்கியிற் சேர்ந்த பின்னரே கதவைத் திறக்க வேண்டும். அதுவரை திறப்பு விழா என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பணத்துக்கு எங்கே போவோம் என்பீர்கள். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குச் சோடனைக்கும் நாம் கொடுக்கும் தொகையைப் பொருளாளர் அறிவார். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அம்பாளுக்குக் கேட்காமற் போய்விடாது.

கூரை வேய்வதும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும், தண்ணீர்க் குழாய் இழுப்பதும் உங்கள் வேலை. பிள்ளைகளோடிருக்கும் வேலைக்கு எல்லோரும் போக வேண்டாம். பத்துப் பேர் முறை வைத்து மாறிமாறிப் போவது அங்கே உதவியன்று, இடையூறு. அவ்விருவரை மாத்திரம் விட்டுவிட்டு, அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறைக்குத் தேவையான பொருட்களின் விபரத்தை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பாய் நான்கு, தாழ்ந்த மேசை இரண்டு, கேத்தில் ஒன்று, பிள்ளைகளின் பெயர் எழுதிய கோப்பை பத்து, பெரியவர்களுக்கு இரண்டு. கோப்பைகளை நான் வாங்கித் தருவேன். மிகுதியைப் பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.