கைமணமும் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கல்லூரி வாசலை மிதியாத எனக்கும் இம்மேடையில் இடமளித்த சங்கத்தாருக்கு நன்றி. நாள்தோறும் பேரேடுகளோடு உறவாடும் ரயில்வே குமாஸ்தா நான். ஆகவே, இன்று பேசப்போவதும் ஒரு கணக்கைப் பற்றியே ஆகும்.

நமது காலனியில் கேக்கும் பிஸ்கட்டும் வீட்டிலேயே சுடக் கற்ற சகோதரிகள் பலர் உள்ளனர். குழந்தையின் பிறந்தநாள் வந்தால் அவர்கள் கதவைத்தான் தட்டுகிறோம். 'இவ்வளவு ருசியாகச் செய்கிறீர்களே, விற்கலாமே!' என்று புகழ்கிறோம். விற்கத் தொடங்கினாலோ, 'நம் காலனிதானே, குறைத்துக் கொடுங்கள்' என்கிறோம். கைமணத்தைப் போற்றும் நாம் கைக்கூலியை மறக்கிறோம். அவர்களும் அதனைக் கேட்கக் கூசுகிறார்கள். இக்கூச்சம் நீங்கினாலன்றி விருப்பம் தொழிலாக மலராது என்பதே என் கருத்து.

அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில், ஃபேர்ஃபீல்டு என்னும் ஊரில் மார்கரெட் ரட்கின் என்ற அம்மையார் வாழ்ந்தார். அவருடைய இளைய மகனுக்கு ஆஸ்துமா; கடைப் பண்டங்கள் பல ஒத்துக்கொள்ளவில்லை. எனவே 1937ஆம் ஆண்டில் முழுக்கோதுமை மாவினால் தாமே ரொட்டி சுட முற்பட்டார். முதல் ரொட்டி கல்லைப்போல் இறுகிப்போயிற்று. விடாமல் முயன்று தேர்ச்சி பெற்றபின், உள்ளூர் மளிகைக் கடைக்கு எடுத்துச் சென்றார். சாதாரண ரொட்டி 10 சென்டுக்கு விற்ற அந்நாளில், அவர் தம் ரொட்டிக்கு 25 சென்ட் விலை சொன்னார்! நல்ல மாவுக்கும், வெண்ணெய்க்கும், கை உழைப்புக்கும் அவ்விலை தகும் என்று துணிந்தார். சுவைத்துப் பார்த்தவர்கள் வாங்கினார்கள். நியூயார்க்கில் பணிபுரிந்த கணவர், தினமும் ஏறும் ரயிலிலேயே ரொட்டிகளைச் சுமந்து சென்று நகரத்துக் கடையில் சேர்ப்பித்தார். ரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதன்றோ! தம் நிலத்தில் நின்ற மரத்தின் பெயரால் 'பெப்பரிட்ஜ் ஃபார்ம்' என்று அவர் வளர்த்த அந்நிறுவனத்தை 1961இல் காம்பெல் சூப் நிறுவனத்தார் விலைக்கு வாங்கினர்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று, அந்நாளைய பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் பெற்று, மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். முதல் நாள் தேறியவை நான்கு பாக்கெட்டுகளே. அதுவே 'லிஜ்ஜத்' என்று நாடறிந்தது. நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே உறுதி பூண்டனர். இட்ட அப்பளத்தின் எடைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் கூலியும் உண்டு. அங்கே கை உழைப்பு கணக்கில் ஏறியது. ஆதலால் தொழில் நிலைத்தது.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். விளங்குவதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். ஒரு கிலோ கேக்குக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை முதலியன 280 ரூபாய், மின்சாரம் 20, அட்டைப்பெட்டி 30, கொண்டு சேர்க்க 50, உடைசல், வீணாவதற்கு 30. ஆகக் கூடுதல் 410 ரூபாய். அதனை 450க்கு விற்றால் 40 ரூபாய் லாபம் என்று மகிழ்கிறோம். மூன்று மணி நேரம் நின்ற கால்களுக்கு மணிக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம்தானே கிடைத்தது? மணிக்கு 80 ரூபாய் கூலி வைத்தாலும் 240 சேர்ந்து அடக்கவிலை 650 ஆகிறது. அடுப்பின் தேய்மானமும் லாபமும் அதற்கு மேல்தான். ஆகவே, மாவைக் கரண்டியால் அளவாமல் தராசில் நிறுங்கள், தொழில் பணத்தை வீட்டுச் செலவுப் பணத்தோடு கலவாதீர்கள், அன்றன்று எழுதிவையுங்கள்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து விற்போரும் பதிவு பெறுதல் வேண்டும். மேலும், 1966ஆம் ஆண்டு ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளில் 15ஆம் விதி, குடும்பத்தார் தொழில் நடத்தினால் பணியாளர் அதனை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குவார்ட்டர்ஸில் குடியிருப்போர் அங்கே தொழில் நடத்தலாமா என்பதையும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டறிவது நலம். ஒளித்துச் செய்யும் தொழிலில் நிம்மதி இராது.

இறுதியாக, ஆண்மக்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. மனைவியின் தொழிலைப் 'பொழுதுபோக்கு' என்று பிறரிடம் சொல்லாதிருப்போம். தட்டுகளைக் கழுவுவதும், பெட்டிகளைக் கொண்டு சேர்ப்பதும் நம் வேலையாகட்டும். அண்டை வீட்டுச் சகோதரி விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுப்போம். அவர் விலை சொல்லத் தயங்கினால், 'உங்கள் கூலியைச் சேர்த்தீர்களா?' என்று நாமே கேட்போம்.