ஒட்டிக்கொண்ட ஹேண்ட்பிரேக்கும் ஓர் இரவும்

(நம் குடியிருப்பின் குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், "சார், நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பேரேடு, பாஸ்புக், டோக்கன் பற்றிப் பேசச் சொன்னால் மத்தியானம் வரை பேசுவேன். ஆனால் இன்றைக்குப் பேசப்போவது கார் ஹேண்ட்பிரேக்கைப் பற்றி. நான் படித்தது பி.காம்., மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. இருந்தாலும் இந்த விஷயத்தில் தப்புச் செய்தவன் நான்தான். அதனால் பேசும் கடமை எனக்கு இருக்கிறது.

போன கார்த்திகை மாதம் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போனோம். கிளம்புவதற்கு முந்தின நாள் காரை நன்றாகக் கழுவினேன். ஈரத்தோடு கொண்டுவந்து கீழ்த்தளத்தில், முன்வரிசையில் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்துவிட்டு, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனேன். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டதாகத்தான் நினைப்பு.

பதினெட்டு நாள் கார் அப்படியே நின்றது. நடுவில் ஒரு வாரம் நல்ல மழை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வந்தது. "சார், பின்னாடி வீட்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க வண்டி நகர மாட்டேங்குதுங்க."

சாவி இருந்தது, இன்ஜின் ஓடியது, ஹேண்ட்பிரேக் நெம்புகோலும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் பின்சக்கரம் சுற்றவில்லை. நான் பெங்களூரில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நல்லா ஆக்சிலேட்டரை மிதிங்க, வந்துரும்" என்றேன். முன்சக்கரம் தரையில் கிரீச்சிட்டதுதான் மிச்சம். மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை. கடைசியில் அடுத்த பிளாக்கில் இருக்கும் தம்பி தன் காரை எடுத்துவந்து அந்த அம்மாவைக் கூட்டிப்போனார். அதற்குள் இருபது நிமிஷம் ஓடிவிட்டது.

அந்த அம்மா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்கள். இதோ, இன்றைக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். "வேணும்னா செஞ்சீங்க, விடுங்க தம்பி" என்றார்கள். அவர்கள் விட்டுவிட்டார்கள், என்னால் விட முடியவில்லை. அந்த இருபது நிமிஷத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைத்து நேர்செய்வது?

மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தேன். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து காட்டினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நெம்புகோலை இழுத்தால் ஓர் இரும்புக் கேபிள் பின்சக்கரம் வரை இழுபடும். அது டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை விரித்து டிரம்மின் உட்புறத்தோடு அழுத்திப் பிடிக்கும். நெம்புகோலை இறக்கியதும் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். இதில் இரண்டு இடத்தில் சிக்கல் வரலாம். ஒன்று, கேபிளின் மேலுறை கிழிந்து உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், இழுத்த கேபிள் திரும்பிப் போகாது. இரண்டு, ஈரத்தோடு பல நாள் அழுத்தி நிறுத்தினால், டிரம்மில் பிடிக்கும் துரு ஷூவின் லைனிங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் நடந்தது இரண்டாவது. நான் போனில் மிதிக்கச் சொன்ன மிதியில் ஒரு பக்க லைனிங் பெயர்ந்தே வந்திருந்தது.

"பனிக்கு ஒட்டிக்கிச்சு" என்று நாம் சொல்கிறோம். கனடா மாதிரியான குளிர் தேசங்களில் அது நிஜமான பனி. கேபிளுக்குள் புகுந்த தண்ணீரே கட்டியாக உறைந்துவிடும். சேலத்தில் மார்கழியிலும் தண்ணீர் உறைகிற குளிர் கிடையாது. நம் ஊரில் பிடிப்பது துரு. மழை, பனி ஈரம், வெயில் படாத கீழ்த்தளம், நகராத வண்டி எல்லாம் ஒன்றுசேர்ந்தால் போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே உறைபனி இல்லாவிட்டாலும் மூடுபனியின் ஈரம் உண்டு. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்லின் மேலும் கார் கூரை மேலும் உறைபனி படியும். அந்தச் சமயத்தில் ஊட்டியில் ராத்திரி தங்குகிறவர்கள் காரைச் சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடலாம்.

நாமக்கல்லில் லாரி ஓட்டிய சொந்தக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "உங்களுக்குக் கேபிளு, எங்களுக்குக் காத்துங்க" என்றார். பெரிய லாரிகளில் நிறுத்தும் பிரேக்கை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்றழுத்தம். காற்று போய்ச் சேராவிட்டால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடாமல் வடக்கே குளிருக்குள் போனால் அது குழாயில் உறைந்துகொள்ளும். அதனால் தொட்டி வடிகாலைத் திறந்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவாராம். அந்த ஒழுக்கம் நம்மிடம் இல்லை.

சரி, ஒரு நாள் காலையில் உங்கள் வண்டி இப்படி நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஆக்சிலேட்டரில் பலத்தைக் காட்டாதீர்கள். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை ஐந்தாறு தடவை இழுத்து இழுத்து விடுங்கள். பிறகு முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முதல் கியரில் மெதுவாக ஒரு அசைவு, ரிவர்ஸில் ஒரு அசைவு கொடுங்கள். லேசாக ஒட்டியிருந்தால் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். அதற்கும் விடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரம்மைச் சுற்றிலும் தட்டி விடுவிப்பார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றும் வேலையும் வேண்டாம். டிரம் விரிசல் விடலாம். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் ஊற்றிய தண்ணீரே மறுபடி உறையும். பட்டனை அழுத்தும் மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் பேட்டரி இறங்கியிருந்தாலும் பிரேக் விடாது. அதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், தட்ட வேண்டாம்.

வண்டி நகர்ந்துவிட்டது என்று அப்படியே கிளம்பிவிடவும் கூடாது. ஒரு சக்கரம் அரைகுறையாகப் பிடித்திருந்தால் வண்டி கனமாக ஓடும், கருகல் வாடை வரும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். சூடு அதிகமானால் பிரேக் ஆயில் கொதித்து, காலால் மிதிக்கும் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 ஆயிலுக்கு 230 டிகிரி செல்சியஸ். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் நாளாக ஆக அந்த அளவு குறைந்துகொண்டே வரும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

வராமல் தடுக்கச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வண்டியைக் கழுவினாலும், தேங்கிய மழைத்தண்ணீரில் ஓட்டினாலும், நிறுத்துவதற்கு முன் சிறிது தூரம் ஓட்டி நாலு தடவை லேசாக பிரேக் பிடியுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை நகர்த்துங்கள். சர்வீஸ் விடும்போது பின்பிரேக்கைத் திறந்து சுத்தம் செய்து, கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு ஷூ, கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. சுத்தம் செய்திருந்தால் அதில் கொஞ்சம்தான் ஆகியிருக்கும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம்மில் சிலர், "இனி ஹேண்ட்பிரேக்கே போட மாட்டேன்" என்று நியூட்ரலில் விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நம் கீழ்த்தளத்தின் ஒரு பாதி சரிவு. சாயங்காலம் அங்கேதான் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நகராத வண்டியை விட, தானாக நகரும் வண்டி பெரிய ஆபத்து. தினமும் எடுக்கும் வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போடத்தான் வேண்டும். சரிவில் நிற்கும் வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கும் கியரும் இரண்டுமே வேண்டும்.

அதனால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போகிறவர்கள் முன்வரிசையில் வண்டியை விட வேண்டாம். பின்வரிசைக்காரரோடு இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி விடும் வண்டி காய்ந்த நிலையில், சமதரையில், முதல் கியரில் நிற்கட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் நிற்கட்டும். ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிடலாம். மூன்றாவது, சாவியைக் கொடுக்கும்போது, எந்தக் கியரில் நிற்கிறது, கட்டை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். சாவி மட்டும் போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேப்பமரக் கட்டையில் ஆறு ஜோடி அறுத்துக் காவலாளி அறையில் வைத்திருக்கிறேன். செலவு என்னுடையது. எடுத்தவர்கள் திரும்ப வைத்தால் போதும், கையெழுத்து வாங்க மாட்டேன். வங்கிக்காரன் என்பதால் ஒரு நோட்டு மட்டும் தொங்கவிட்டிருக்கிறேன்.